சிறிய கல்லூரியில் பேஸ்பால் ஆடும் மகனும், வேலிக்கு இந்தப் பக்கம் நாமும்

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஓஹியோவில் இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஒரு கல்லூரியின் பேஸ்பால் கோச் அவனைத் தங்கள் அணிக்கு அழைக்கிறார். டிவிஷன் 3 என்பதால் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. "இது உருப்படியான ஆட்டம்தானா? பெற்றோர் நாங்கள் அங்கே என்ன செய்யலாம், எதில் தலையிடக் கூடாது?"

உருப்படியான ஆட்டம்தான். என் மகன் 2019 முதல் 2023 வரை இப்படியொரு கல்லூரியில் பந்து எறியும் பிட்சராக இருந்தான். கொலம்பஸ் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அந்த மைதானம் மூன்றரை மணி நேரம். நானும் என் கணவரும் அந்தச் சாலையில் எத்தனை தடவை போய் வந்தோம் என்று எண்ணி வைக்கவில்லை. அந்த நான்கு வருடத்தில் பார்த்ததையும், செய்த தவறுகளையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த "3" என்ற எண். நம் ஆட்கள் அதைக் கேட்டதும் மூன்றாம் தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 1973-ல் உறுப்பினர் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தபோது, மூன்றாவது பிரிவுக்கு வைத்த முக்கியமான அடையாளம் ஒன்றுதான்: விளையாட்டுக்காகப் பண உதவி தரக் கூடாது. இன்று மூன்று பிரிவுகளில் கல்லூரிகள் அதிகம் உள்ளது இதில்தான், நானூறுக்கு மேல். ஒரு விஷயம் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அந்த இரண்டு கல்லூரிகளும் இன்று டிவிஷன் 3-ல்தான் இருக்கின்றன. கல்லூரி பேஸ்பால் பிறந்த வீடே இதுதான்.

ஆட்டத்தின் தரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் பில்லி வாக்னரைப் பாருங்கள். சிறுவயதில் வலது கை இரண்டு முறை முறிந்ததால் இடது கையால் எறியப் பழகியவர். வர்ஜீனியாவிலுள்ள ஃபெரம் என்ற சின்னக் கல்லூரியில் ஆடினார். 1993-ல் தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஹூஸ்டன் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. 422 சேவ்களோடு (கடைசியில் இறங்கி அணியின் வெற்றியைக் காப்பது சேவ்) ஓய்வு பெற்று, 2025-ல் பேஸ்பாலின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். விஸ்கான்சின் ஸ்டீவன்ஸ் பாயின்டில் படித்த ஜோர்டன் ஜிம்மர்மன் 2014 செப்டம்பர் 28 அன்று வாஷிங்டன் அணிக்காக நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம், வீசினார். ஆனால் இந்தப் பெயர்களை மகனிடம் அடிக்கடி எடுக்காதீர்கள். உள்ளே வீசப்படும் பந்து நிஜமான பந்து என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும். டிவிஷன் 3-ல் ஆடும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் நான்காம் வருட மே மாதம்தான் கடைசி ஆட்டம். அவர்களுக்கே அது தெரியும். தெரிந்துதான் காலை ஆறு மணிக்கு எழுந்து ஜிம்முக்குப் போகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இனி பணம். கோச் எவ்வளவு ஆசையாகப் பேசினாலும், உங்கள் மகன் பந்து வீசுகிறான் என்பதற்காக ஒரு டாலர்கூட அவரால் தர முடியாது. கிடைக்கும் உதவியெல்லாம் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கல்லூரி தருவது. பல தனியார் கல்லூரிகளில் அச்சிட்ட கட்டணம் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். ஆனால் அந்த முழுத்தொகையைக் கட்டுகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவித்தொகை போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011-லிருந்து அதை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கோச்சுடன் இரண்டாவது முறை பேசுவதற்கு முன் அதில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். "எர்லி டிசிஷன்" வழியில் விண்ணப்பிக்கச் சொல்லிக் கோச் கேட்கலாம். அப்படிச் செய்தால் இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும். வேறு கல்லூரிகள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தொகை உங்களுக்கு முக்கியம் என்றால் அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளியில் மேசை போட்டு, கல்லூரித் தொப்பி வைத்து, அந்த அணியில் சேர்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுப் படம் எடுப்பார்கள். அழகான நாள்தான், நாங்களும் எடுத்தோம். டிவிஷன் 3-ல் அந்தத் தாள் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது.

கோச் உங்கள் மகனை உண்மையாகவே விரும்பலாம். அதே கோச் இன்னும் இருபது பையன்களையும் அதே அளவு விரும்புகிறார். இந்தக் கணக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தராதது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைதானத்தில் இறங்குவது ஒன்பது பேர், பேட் பிடிக்க மட்டும் ஒருவர். மொத்தம் பத்து. ஆனால் சின்னக் கல்லூரிகளின் அணிப் பட்டியலில் நாற்பது, நாற்பத்தைந்து பெயர்கள் சாதாரணம். சில இடங்களில் ஐம்பதையும் தாண்டும். காரணத்தை ஒளிக்க வேண்டியதில்லை. மாணவர் சேர்க்கை குறைந்துவரும் சிறிய தனியார் கல்லூரிகளுக்கு, கட்டணம் கட்டிச் சேரும் ஒவ்வொரு பையனும் வேண்டும். விளையாட்டு அணிகள்தான் அங்கே பையன்களைக் கொண்டுவரும் வாசல். இதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. என் மகன் அந்த வாசல் வழியாகத்தான் ஒரு நல்ல வேதியியல் துறைக்குள் போனான். ஆனால் முதல் வருடத்தில் அவன் ஏன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு இந்தக் கணக்கு பாதி விடை. மேலே நடப்பதும் இங்கே வந்து சேர்கிறது. மேல் பிரிவான டிவிஷன் 1-ல், 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் பேஸ்பால் அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு படியாகக் கீழே வருகிறார்கள். உங்கள் மகன் பதினெட்டு வயதில் இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு இடத்துக்குப் போட்டியிடுவான்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கோச்சிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவன் கேட்கட்டும். வரும் வசந்தத்தில் எத்தனை பிட்சர்கள் இருப்பார்கள்? அவனோடு சேர்ந்து எத்தனை முதலாண்டுப் பையன்கள் வருகிறார்கள்? நான்கு வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் இன்று அணியில் மிச்சம் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் அந்த இடத்தைப் பற்றி உள்ளபடி சொல்லும். என் மகனுடன் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். கடைசி வருடம் இருந்தவர்கள் ஐந்து பேர். சிலர் படிப்புக்காக விட்டார்கள், சிலர் கை போனதால் விட்டார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள். ஒரு பையன் ஒரு நாள் காலையில் எழுந்து, "எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இசைக்குழுவில் சேர்ந்துவிட்டான்.

பருவம் எப்படி ஓடும் என்று தெரிந்தால் விடுமுறைகளைத் திட்டமிட உதவும். இலையுதிர் காலத்தில் சில வாரப் பயிற்சி. குளிரில் ஜிம்மும் உள்ளரங்கமும். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நாற்பது ஆட்டம். டிவிஷன் 1-ல் இது 56. வாரநாளில் ஒன்று, சனி ஞாயிறுகளில் ஒரே நாளில் இரண்டு. மார்ச்சில் வடக்கே மைதானம் உறைந்து கிடக்கும் என்பதால், அணிகள் பேருந்திலோ விமானத்திலோ தெற்கே போகும். புளோரிடாவின் வின்டர் ஹேவன், ஆபர்ன்டேல், போர்ட் சார்லட், தென் கரோலினாவின் மர்டில் பீச், அரிசோனாவின் டூசான் ஆகிய ஊர்களில் அந்த வாரங்களில் எங்கு பார்த்தாலும் சின்னக் கல்லூரிப் பேருந்துகள்தான். மினசோட்டா பக்கத்து அணிகளுக்கு இன்னொரு வழி உண்டு. மினியாபொலிஸின் பழைய மெட்ரோடோம் அரங்கத்தில், மற்ற நேரம் கிடைக்காததால், நள்ளிரவுக்கு மேலும் ஆடியிருக்கிறார்கள். அதை இடித்த பிறகு அங்கே எழுந்த யுஎஸ் பேங்க் ஸ்டேடியத்திலும் கல்லூரி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்த ராத்திரி ஆட்டங்களைப் பார்த்த ஒரு அம்மாவைப் பின்னால் சந்தித்தேன். அறுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் மொத்தம் நாற்பது பேர், பந்து பட்ட சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வரும் என்றார்.

முடிந்தால் அந்தத் தெற்குப் பயணத்துக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். மற்ற பெற்றோர்களை அங்கேதான் தெரிந்துகொள்வீர்கள். நாங்கள் போனது 2020 மார்ச்சில். மகனுக்கு முதல் வருடம். ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசினான். மார்ச் 12 மாலை செய்தி வந்தது: கொரோனாவால் அந்தப் பருவத்தின் எல்லாச் சாம்பியன்ஷிப் போட்டிகளையும் என்சிஏஏ ரத்து செய்துவிட்டது. நான்காம் வருடப் பையன்கள் பிட்சர் நிற்கும் மண்மேட்டைச் சுற்றிக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் காலணியைக் கழற்றவில்லை. அப்பாக்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், உள்ளே போகவில்லை. வசந்தகால வீரர்களுக்கு ஒரு வருடம் ஆடும் தகுதியை என்சிஏஏ பின்னால் திருப்பித் தந்தது உண்மைதான். ஆனால் வேலையில் சேர வேண்டியவன் இன்னொரு வருடக் கட்டணம் கட்டித் திரும்பி வருவானா? அதனால்தான் உங்களிடம் இதைக் கேட்கிறேன்: பேஸ்பால் நாளைக்கே நின்றுபோனாலும் உங்கள் மகன் அந்தக் கல்லூரியில் படிக்கச் சம்மதிப்பானா? எங்கள் வீட்டில் அது நிஜமாகவே நின்றது. அவன் படிப்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

2021-ல் ஆட்டம் திரும்பியது, எங்களை உள்ளே விடவில்லை. கல்லூரி மைதானத்தின் வலப்பக்க வேலிக்கு அப்பால் ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம் இருந்தது. அங்கே நின்றபடி, இருநூறு அடிக்கும் அப்பாலிருந்து, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்தோம். முகம் தெரியாது. ஆனால் நடையை வைத்தே நம் பிள்ளை எது என்று தெரிந்துவிடும். தோள் தொங்கியிருக்கிறதா, தொப்பியை எத்தனை தரம் சரிசெய்கிறான், எல்லாம் அங்கிருந்தே தெரியும். அந்த வருடம் நான் அவனை முன்பைவிட அதிகமாகப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது பாதி. எதில் தலையிடக் கூடாது?

ஆடும் நேரம் பற்றிக் கோச்சிடம் பேசாதீர்கள். ஒரு வரி மின்னஞ்சல்கூட வேண்டாம். நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். 2022 மார்ச்சில் மகன் மூன்று வாரமாக மைதானத்தில் இறங்கவில்லை. என் கணவர் மிகவும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்: அவன் எதில் முன்னேற வேண்டும் என்று சொன்னால் நாங்களும் ஊக்கப்படுத்துவோம் என்று. கோச் அதே மரியாதையோடு பதில் போட்டார்: ஆடும் நேரத்தைப் பற்றி நான் ஆட்டக்காரனிடம் மட்டுமே பேசுவேன், அவன் எப்போது வேண்டுமானாலும் என் அறைக்கு வரலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கோச் அவனைக் கூப்பிட்டு, "உன் அப்பா கவலைப்படுகிறார்" என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவு மகன் ஃபோன் செய்தான்.

"அப்பா, நான் ஏற்கெனவே போன வாரம் அவர்கிட்ட பேசிட்டேன். எதுல சரியில்லைன்னு சொல்லிட்டார். நான் அதை வொர்க் பண்ணிட்டிருக்கேன். இப்ப எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து."

என் கணவர் "சரிப்பா, தப்புதான்" என்றார். அதற்குப் பிறகு அப்படி எழுதவில்லை. பள்ளியில் நாம் பேரண்ட்-டீச்சர் மீட்டிங்குக்குப் போய்ப் பழகியவர்கள். பிள்ளைக்காகப் பேசுவது நம் கடமை என்று வளர்ந்தவர்கள். கல்லூரியில் சட்டமே மாறிவிடுகிறது. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, மாணவன் கல்லூரிக்குள் நுழைந்ததும் அவனுடைய கல்விப் பதிவேடுகள் மேலுள்ள உரிமை பெற்றோரிடமிருந்து அவன் கைக்குப் போகிறது. பேஸ்பாலும் அதே மாதிரிதான். வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடையது.

அடுத்தது, ஆட்டம் முடிந்த பிறகு அவனிடம் என்ன பேசுவது என்பது. இதில் நான் தேறக் கொஞ்ச காலம் ஆயிற்று. முதலில், "ஏன்டா உன்னை இறக்கவே இல்லை?" என்று கேட்பேன். அவனுக்குப் பதில் தெரியாது, தெரிந்தாலும் சொல்லப் பிடிக்காது. முகம் மூடிக்கொள்ளும். பிறகு ஆட்டத்தை அலசிப் பார்த்தேன், "அந்த ரெண்டாவது பேட்டருக்கு ஏன் கர்வ் போட்ட?" என்று. அது இன்னும் மோசம். கடைசியில் நம் வீடுகளில் எப்போதும் கேட்கும் கேள்விதான் வேலை செய்தது. "சாப்பிட்டியாப்பா?" அதை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், பதினைந்து நிமிடம் கழித்து அவனே சொல்வான், எந்தப் பந்து கையைவிட்டு நழுவியது, அவன் எறிவதைப் பிடிக்கும் கேட்சர் என்ன சொன்னான் என்று. சொல்லாத நாளும் உண்டு. அன்றைக்கு அவன் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.

ஆனால் உடம்பு விஷயத்தில் காதைத் திறந்து வைத்திருங்கள். பிட்சர்கள் முழங்கை வலியை மறைப்பார்கள். சொன்னால் இடம் போய்விடும் என்ற பயம். என் மகன் இரண்டு வாரம் மறைத்தான். ஃபோனில் இடது கையால் தட்டச்சு செய்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்போதும் கோச்சைக் கூப்பிடவில்லை. ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் கல்லூரியின் அத்லெடிக் டிரெய்னரிடம் அன்றைக்கே போகச் சொன்னேன், போனான். மூன்று வாரம் எறியக் கூடாது என்றார்கள், அதோடு போயிற்று. முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்தால் டாமி ஜான் அறுவைச் சிகிச்சைதான். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நான்கே வருடம் உள்ளவனுக்கு அதில் ஒரு வருடம் என்றால் எவ்வளவு என்று யோசியுங்கள்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நிறைய இருக்கிறது.

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். இதை மட்டும் நீங்கள் கேட்டால் போதும் என்றுகூடச் சொல்வேன். எங்கள் அணியில் ஒரு பையனின் தாத்தா, மடியில் ஒரு நோட்டை வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் மழைக்காக ஆட்டம் நின்றபோது எனக்குச் சொல்லித் தந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் 6-4-3. மூன்றாவது ஸ்ட்ரைக்கைச் சுழற்றித் தவறவிட்டால் "கே" எழுத்து, பேட்டை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றால் அதே எழுத்து திருப்பிப் போட்டு. எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன் நான் பார்த்தது என் மகனையும், அவன் இல்லாதபோது அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் மட்டுமே. நோட்டு வந்த பிறகு ஒன்பது பையன்களும் எனக்குப் பிள்ளைகளானார்கள். இடது ஃபீல்டில் நிற்கிறவன் ஏன் இரண்டு அடி முன்னால் வந்தான் என்று கேட்கத் தெரிந்தது. மகன் ஆடாத சனிக்கிழமை வீணான சனிக்கிழமையாகத் தோன்றுவது நின்றது.

சாப்பாடு. ஆட்ட நாட்களில் பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு மேசை போடுவார்கள். நமக்குக் கை தாராளம், முதல் தடவை இரண்டு பெரிய அலுமினியத் தட்டு நிறைய பிரியாணி கொண்டுபோய் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் வைத்தேன். இடைவெளி அரைமணி நேரம்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஒன்பது இன்னிங்ஸ் எப்படி ஓடுவார்கள்? இன்னொரு அம்மா மெதுவாக என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: நடுவில் சாண்ட்விச், வாழைப்பழம், ஆரஞ்சு. சூடான சாப்பாடு கடைசியில், பேருந்து ஏறுவதற்கு முன். அதிலிருந்து பிரியாணி கடைசியில் வந்தது, மிச்சம் வந்ததே இல்லை. எதிரணிப் பையன்களுக்கும் எடுத்துவையுங்கள். ஆறு மணி நேரப் பேருந்து அவர்களுக்கு இருக்கிறது. அவர்களுடைய அம்மாக்கள் வர முடியாத தூரத்தில் இருக்கலாம்.

நியூ ஜெர்சியிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் உங்களால் வர முடியாது, வரவும் வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் வீட்டு மைதான ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்புகின்றன. பின்னால் ஒரே ஒரு கேமரா, வர்ணனைக்கு ஒரு மாணவன். காற்றடித்தால் கேமரா ஆடும். கூடவே லைவ் ஸ்டாட்ஸ் பக்கம் ஒன்று இருக்கும், அதில் எண்கள் படத்தைவிட முந்தி வந்துவிடும். மகன் வீசும்போது அதை மூடிவிடுங்கள். பந்து கையிலிருக்கும்போதே அதன் முடிவு தெரிவது நல்ல அனுபவம் இல்லை. மதுரையில் என் அம்மா இந்த ஒளிபரப்பைப் பார்ப்பார். இங்கே மதியம் ஒரு மணி என்றால் அங்கே இரவு பத்தரை. இரண்டாவது ஆட்டம் முடிய விடிகாலை ஆகிவிடும். விதிகள் ஒன்றும் தெரியாது. "பிள்ளை இன்னிக்கு வெளியே வந்தானா?" என்று மட்டும் கேட்பார்.

சீனியர் டே பற்றி எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். கடைசி வருடப் பையன்கள் பெற்றோரோடு மைதானத்துக்குள் நடந்து வரும் நாள். அந்தத் தேதிக்கு மட்டும் விமான டிக்கெட்டை மாற்றக் கூடிய வகையில் எடுங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், ஓஹியோவில் மழை சொல்லி வராது. எங்களுடையது சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது. கலிஃபோர்னியாவிலிருந்து வர வேண்டிய ஒரு குடும்பத்தால் வர முடியவில்லை. அந்தப் பையனுடன் என் கணவர் ஒரு பக்கமும் கேட்சரின் அம்மா ஒரு பக்கமுமாக நடந்தார்கள்.

முடிந்தால் மே கடைசியில் டிவிஷன் 3 உலகத் தொடரை ஒரு தடவை பாருங்கள். எட்டு அணிகள் வரும். 1976-லிருந்து நடக்கிறது. ஆரம்ப காலத்தில் ஓஹியோவின் மாரியெட்டாவில், பிறகு நெடுங்காலம் விஸ்கான்சினின் ஆப்பிள்டனில், அப்புறம் ஐயோவாவின் சீடர் ராப்பிட்ஸில். 2024-ல் கிளீவ்லாந்துக்கு அருகே ஈஸ்ட்லேக்குக்கு வந்தது. மகன் படித்து முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது, எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். அந்த வருடம் பென்சில்வேனியாவின் மிசரிகோர்டியா வென்றது. மாரியெட்டா கல்லூரியின் பழைய கோச் டான் ஷேலி நாற்பது வருடம் ஒரே இடத்தில் இருந்து 1,442 ஆட்டம் வென்றவர். அவர் பெயரைச் சொன்னால் ஓஹியோவில் தாத்தாக்கள் எழுந்து உட்கார்வார்கள். உங்கள் மகன் இங்கே வந்தால் அந்தக் கதைகளை நீங்களும் கேட்பீர்கள்.

கடைசியாக, வேலைக்கு ஆகும் விஷயம். மார்ச்சில் முதல் வீட்டு ஆட்டத்துக்கு வரும்போது காலண்டரை நம்பாதீர்கள். தடித்த போர்வை இரண்டு, கையுறை, கம்பளிக் காலுறை, ஃப்ளாஸ்கில் காபி, மடக்கு நாற்காலி. பல மைதானங்களில் உட்கார இரும்புப் பலகைதான், அதன் குளிர் எலும்புக்குள் போகும். எங்கே உட்காருவது என்று கேட்பீர்கள். பேட்ஸ்மேனின் பெற்றோர் என்றால் பின்பக்க வலைக்கு நேராக. உங்கள் மகன் பிட்சர் என்றால், இறங்குவதற்கு முன் பிட்சர்கள் எறிந்து தயாராகும் புல்பென் கண்ணுக்குத் தெரியும் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். அவன் கோட்டைக் கழற்றி, எழுந்து, கேட்சரோடு பந்து எறிய ஆரம்பித்தால் உங்களுக்கு ஏழெட்டு நிமிடம் இருக்கிறது. காபியைக் கீழே வையுங்கள், பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள், மதுரையிலோ எங்கேயோ பாட்டி இருந்தால் அவர்களை எழுப்புங்கள்.